ஒரே கரண்டித் தண்ணீர்

1

இந்தக் கதை அண்ணனின் தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

முதல் தொடக்கம்: ‘லிஃப்ட் மெக்கானிக்கின் கண்கள் மஞ்சளாக…’ அடித்துவிட்டேன். பொய். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் என்பது மட்டும் உண்மை. கண்ணில் மஞ்சளும் இல்லை, உடம்பில் ஒரு வலியும் இல்லை. (ஹெபடைடிஸ் சி கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலை அரிக்குமாம்.)

பதினோரு வருடங்களுக்கு முன் ஊசியில் போதை ஏற்றிக்கொண்டிருந்தவன், பிறகு அடியோடு விட்டுவிட்டான். போன மாதம் தோள்பட்டை அறுவைக்காக ரத்தம் சோதித்தபோதுதான் கிருமி இருப்பது தெரிந்தது.

2

ஊசியைப் பகிர்ந்துகொண்டதுண்டா என்று நர்ஸ் கேட்டாராம். ஒருநாளும் இல்லை, ஆளுக்கொரு புது ஊசி என்று இவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மருந்தை எதில் கரைத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி.

“ஒரே கரண்டிதான். தண்ணி, வடிகட்டுற பஞ்சு எல்லாம் ஒண்ணுதான்.”

கிருமி தொற்ற அது போதும் என்றார் நர்ஸ். கண்ணுக்கே தெரியாத ரத்தம் அதில் ஒட்டியிருக்கும். மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும், பயம் வேண்டாம். ஆனால் கூட இருந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

3

கூட இருந்தவன் ஒரு தையல்காரன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அவன் வாயே திறக்கவில்லை. (திறக்க மாட்டான். அப்படி ஒருவன் கிடையாது.)

“அந்தக் கரண்டிய நீயும்தான்டா பிடிச்ச,” என்றான் அண்ணன்.

“நாலே தடவைதானே?”

“எத்தனை தடவைன்னு அதுக்குத் தெரியுமா? போய் ரத்தம் குடுத்துட்டு வா.”

அன்று மாலை, என் நகவெட்டியால் மனைவி மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். போய்ப் பிடுங்கினேன். ஏன் என்றாள். துரு என்றேன். பளபளவென்று இருந்த நகவெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

4

நேற்று ரத்தம் கொடுத்தேன். முடிவு வியாழக்கிழமை.

கிருமி இல்லை என்று ஒரு முடிவு எழுதலாம். இருக்கிறது, மாத்திரையில் போய்விடுகிறது என்று இன்னொன்று. இரண்டிலும் நான் பிழைத்துக்கொள்கிறேன். இரண்டிலும் அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அண்ணனும்…’ ‘உன்கிட்ட ஒண்ணு…’

சற்று முன் அறைக்குள் வந்தாள். நாலு நாளாக என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டாள். முதல் மூன்று தாள்களை நீட்டினேன்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது இரண்டாவது தாளைக் கீழே வைக்கிறாள். மூன்றாவதில்தான் நான் கரண்டியைப் பிடிக்கிறேன். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. மிச்சத்தை அவள்தான் சொல்ல வேண்டும்.