முன்னடி மரியாதை

3-10-2025, வெள்ளிக்கிழமை

இன்றைய தவறு: அப்பாவைக் கேட்காமல் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். காலையில் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பாவின் போன் அடித்தது. இளவரசன் ஐயா. "நாளைக்கு மலைக்கு ராசு வந்துடுவான் இல்ல?" என்றார். இந்த வருடம் அப்பா போகப் போவதில்லை என்று போன மாதமே வீட்டில் முடிவு செய்திருந்தோம். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாயில் வந்தது "சரிங்க"தான். சின்னத் தவறு என்று மூன்று தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். சின்னதுதானா என்று தெரியவில்லை.

மாலை வகுப்பில் அஜித்குமாரிடம் சொன்னேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு பாதமும் மரத்துப் போயிருக்கிறது, முள் குத்தினாலும் தெரியாது என்றேன். "பின்னாடி தீர்த்தம் தெளிச்சிகினு வரப்போறது நான்தான். நான் பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க" என்றான்.

நாளைய வேலை: அப்பாவுடன் நானும் போவது. அரைமணிக்கு ஒருமுறை அவர் உள்ளங்கால் இரண்டையும் பார்ப்பது.

தேவதர்ஷினி நோட்டை மூடுவதற்குள் அடுப்பங்கரையில் தட்டு ஒன்று தரையில் விழுந்து சுழன்றது. விழவில்லை, செல்லியம்மாள் போட்டாள்.

"இன்னாடி சரிங்க? ஒன் வாயில வேற எதுவுமே வராதா? பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில நிக்கற, சாய்ங்காலமானா பரிச்சைக்குப் படிக்கறேன்னு வகுப்புக்குப் போற. முடியாதுன்னு ஒரு வார்த்த, அத அங்க சொல்லித் தரலியா?"

"அம்மா, நான் வேணும்னா திரும்பப் போன் பண்ணி..."

"பண்ணு. பண்ணித்தான் பாரேன்!"

தேவதர்ஷினி அப்பாவின் போனைக் கையில் எடுத்தாள். இளவரசனின் பெயர் மேலேயே இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனைக் கீழே வைத்தாள்.

ராசு மூலையில் உட்கார்ந்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளைக்கு முன்பே அவர் அதைத் துவைத்து நீலம் போட்டு வைத்திருந்ததை மகள் இப்போதுதான் கவனித்தாள்.

"வுடு செல்லி," என்றார் அவர். "பாப்பா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நமக்குன்னு ஊர்ல குடுத்திருக்கற மரியாத அது ஒண்ணுதான். அன்னிக்கு ஒரு நாளு நமக்கு முன்னாடி எவனாவது கால எடுத்து வெக்க முடியுமா?"

"ஒங்கண்ணனுக்கும் இதே மரியாததான் குடுத்தாங்க," என்றாள் செல்லியம்மாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, கல்வராயன் மலைக் காட்டுக்குள் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு அடிவாரத்து ஊர் முழுவதும் நடந்தே போகும். முந்நூறு பேருக்குக் குறையாது. ஒற்றையடிப் பாதை என்பதால் வரிசையாகத்தான் போக முடியும். வரிசைக்கு முன்னால் காலனியிலிருந்து ஓர் ஆள் மூங்கில் தடியால் தரையைத் தட்டிக்கொண்டும் புதரை உலுக்கிக்கொண்டும் நடக்க வேண்டும். அதற்கு முன்னடி என்று பெயர். அவனுக்குப் பத்தடி பின்னால் ஊர்க்காரன் ஒருவன் மஞ்சளும் துளசியும் கலந்த தண்ணீரை அவன் வைத்த ஒவ்வொரு காலடியின் மேலும் தெளித்துக்கொண்டு வருவான். தெளித்த பிறகுதான் மற்றவர்கள் அங்கே மிதிப்பார்கள். கோயிலுக்குச் சற்றுக் கீழே கால்கழுவிப் பாறை வந்ததும் முன்னடி நின்றுவிட வேண்டும். எல்லோரும் சாமி பார்த்து இறங்கும்போது இலையில் பொங்கல் வரும்.

இருபத்திரண்டு வருடம் ராசுவின் அண்ணன் முனியன் முன்னடி போனார். கடைசி வருடம் ஓடையைத் தாண்டியதும் ஏதோ ஒன்று அவரைக் கடித்தது. வரிசை நிற்கவில்லை. சாமி எடுத்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள். பிணத்துக்குப் புதுவேட்டியும் மாலையும் வந்தன. மறு வருடம் தடி ராசுவின் கைக்கு வந்தது. அண்ணன் தம்பி இருவருமே அந்தப் பெருமாளைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார்கள்.

தார் ரோடு முடியும் இடத்தில் ஒரு புளியமரம். காலை ஆறு மணிக்கு அங்கே கூட்டம் கூடியிருந்தது. மலை தெரியவில்லை, மேகம் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. இளவரசன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். கரும்புக்காட்டுக்காரர், நாற்பது வயது. ஐம்பத்தாறு வயது ராசுவைப் பார்த்ததும் அவர் கண் நேரே காலுக்குப் போயிற்று.

"டேய் ராசு, இன்னாடா இது கால்ல?"

"சுகர் செருப்புங்க. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க."

"சாமி மலைடா. கெழவிங்கல்லாம் வெறுங்கால்ல வருது. கழட்டிப் போடு."

"வீட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றாள் தேவதர்ஷினி. "இன்னொரு காயம் பட்டா காலையே எடுக்கணும்னு..."

"ஏம்மா, டாக்டரு பெருசா, பெருமாள் பெருசா? படிச்ச பொண்ணுதான நீ?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. அவள் திரும்புவதற்குள் ராசு செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அவள் அவற்றைத் தட்டித் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பித்தளைச் செம்புடன் நின்ற அஜித்குமாரைப் பார்த்தாள். அவன் துளசிக் கொத்தில் வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். வகுப்பில் அவளுக்கு அடுத்த பெஞ்சு. கணக்கு வராதபோது அவளிடம்தான் கேட்பான். அங்கே அவனுக்கு ராசு "உங்க அப்பா". இங்கே, "ராசு, கெளம்பலாமா?" என்றான்.

"கோவிந்தா!" என்று முந்நூறு தொண்டைகள் எழுந்தன. தடி தரையைத் தட்டியது. தேவதர்ஷினி பாதை ஓரமாக அப்பாவின் தோளை ஒட்டி நடந்தாள்.

ஆறரைக்கு முதல் தடவை பார்த்தாள். இரட்டைப் பாறை பக்கம் அப்பாவை நிறுத்தி, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள். மண்தான். காயம் இல்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள்: 6.30, இரண்டும் சரி.

ஏழு மணிக்கு ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் விட்டுப்போன தட்டுகளும் பாட்டில்களும் கல்லிடுக்குகளில் கிடந்தன. ஓடையைத் தாண்டியதும் அவள் குனிந்தாள். பின்னால் வரிசை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா, குதிரைக்கு லாடம் பாக்கறியா?" என்று யாரோ கத்தினார்கள். பெரிய சிரிப்பு.

"வா பாப்பா, எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் ராசு. அவள் நிமிர்ந்துவிட்டாள். ஏழரைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் அஜித்குமார் வருகிறானே.

ஓடைக்கு அப்பால் காடு நெருங்கியது. வெளிச்சம் கம்மியாகிவிட்டது. உண்ணிச்செடியில் முழுநீளப் பாம்புச் சட்டை ஒன்று கிழியாமல் தொங்கியது. சற்று மேலே பாதை நடுவில் கரடி போட்ட சாணம். இன்னும் ஆவி அடங்கவில்லை. ராசு தடியால் இரண்டு பக்கமும் அடித்துவிட்டு நின்று கேட்டார். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

"இங்கதான் அண்ணன் வுழுந்துச்சு," என்றார் மெதுவாக. நின்ற இடத்திலேயே ஒரு கணம் நின்று, மறுபடி நடந்தார்.

அதன்பிறகு தேன்பாறை வந்தது. பாதைக்கு நேர் மேலே செங்குத்தான பாறை. அதன் அடிவயிற்றில் மலைத்தேனீக் கூடுகள் கறுப்பாகத் தொங்கின, ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். அவள் எண்ணினாள், பதினேழு. இந்த இடத்தில் கோவிந்தா போடக் கூடாது, கற்பூரம் ஏற்றக் கூடாது, இருமல் வந்தாலும் துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை கலைந்தால் ஓட வழி கிடையாது. வரிசை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதியில்தான் பின்னால் தண்ணீர் தெளிக்கும் சத்தம் முதன்முதலாக அவளுக்குக் கேட்டது.

சளப். அப்புறம் சளப், சளப். மறுபடி சளப். சளப், சளப்.

எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு. எண்ணினாள். வலது காலடிக்கு ஒன்று. இடது காலடிக்கு இரண்டு. தற்செயல் என்று நினைத்து இருபது அடி வரை எண்ணினாள். ஒரு தடவைகூட மாறவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

அஜித்குமாரின் கை செம்புக்கு மேல் அப்படியே நின்றது. அவன் காலுக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் சிவப்பாகக் கலங்கிக் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வளைவு வரைக்கும், இடது கால் சுவடு எல்லாம் கழுவிவிடப்பட்டிருந்தது.

"எப்போலேருந்து?" என்றாள். குரல் மூச்சாகத்தான் வந்தது.

அவன் நிமிரவில்லை. "ஓடையாண்டேருந்து."

"பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

"சொன்னா ஒங்கப்பா நின்னுடுவாரு. நாழி தப்பிடும் தர்ஷினி, மேல பூசைக்குக் காத்துகினு இருக்காங்க. யாரும் ரத்தத்த மெரிச்சிடக் கூடாதுன்னுதான் நான் ரெண்டு வாட்டி..." ஏதோ உபகாரம் செய்தவன் போல அவன் நிறுத்தினான்.

அவள் அப்பாவின் தோளைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்தாள். தடியை வாங்கிப் பாதையிலேயே போட்டாள். இடது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்பு பாட்டில் சில்லு ஒன்று சதைக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு அடியிலும் அவரே அதை உள்ளே மிதித்து இறக்கியிருக்கிறார். அவள் அதைப் பிடுங்கியபோது ராசு தன் காலைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா? முள்ளா?"

அவள் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றச் சுற்ற அது நனைந்தது.

வரிசையைத் தாண்டிக்கொண்டு இளவரசன் வந்தார். முகத்தில் கோபம் இருந்தது. பாறைக்குப் பயந்து குரல் தணிந்திருந்தது. "ஏன் நின்னுட்டீங்க? இன்னும் முக்கா மணி நேரந்தான். ஒரு துணியச் சுத்திகினு நடக்கச் சொல்லு."

"நடக்க மாட்டாருங்க," என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று திகைத்தாள். "நீங்க முன்னாடி போங்க. நாங்க வழி வுட்டுடறோம்."

ஒருவரும் நகரவில்லை. மூங்கில் தடி பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாதை புதருக்குள் நுழைந்து இருட்டாகப் போயிற்று. "முன்னடி இல்லாம எப்புடிப் போறது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். முன்னால் நின்றவர்கள் அரையடி பின்வாங்கினார்கள்.

"அஜித்து," என்றார் இளவரசன். "தண்ணியத் தெளிச்சுட்டு நீ எடுடா தடிய."

அஜித்குமார் தடியின் மேல் மூன்று தடவை தெளித்தான். குனிந்தான்.

"டேய், தொடாதடா!"

அவன் அம்மா பெரியநாயகி ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "எம்புள்ள முன்னாடி போவ மாட்டான்! பாம்பு படுத்திருக்கும், கரடி நின்னுகினு இருக்கும்! ஒத்தப் புள்ளடா எனக்கு! சாவறதுக்கா பெத்து வெச்சிருக்கேன்?"

சத்தம் பாறையில் மோதித் திரும்பியது. முந்நூறு பேரும் அண்ணாந்தார்கள். மேலே ஒரு கூட்டின் மேல் அலை ஒன்று ஓடியது, மாட்டின் தோல் ஈக்குச் சிலிர்ப்பது போல. பக்கத்துக் கூடும் சிலிர்த்தது. இரைச்சல் கூடியது. மெல்ல, மெல்ல, அது அடங்கிற்று.

தேனீ அடங்கிவிட்டது. பெரியநாயகி சொன்னது மட்டும் எல்லோர் காதிலும் நின்றது.

ராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிட்ட ஒரு சாவுச் சேதி தனக்கு மட்டும் பிந்தி வந்ததைப் போல இருந்தது அந்த முகம்.

"பாப்பா," என்றார். "அந்தச் செருப்பக் குடு."

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கட்டுப் போட்ட காலை நுழைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டேய்... சாமி மலைடா." இளவரசனால் கத்த முடியவில்லை.

"தெரியுங்க. அண்ணனும் நானுமா இருபத்தஞ்சு வருசம் முன்னடி போயிருக்கோம். சாமிய நாங்க பாத்ததில்லிங்க. அவரும் எங்க காலப் பாத்திருக்க மாட்டாரு."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இறங்குவதற்கும் அதே ஒற்றையடிப் பாதைதான். மேலே பட்டுவிடாமல் இருக்க வரிசை முழுவதும் ஒதுங்கி உண்ணிச்செடி முள்ளுக்குள் நின்றது. பட்டுப்புடவைகள் கிழிந்தன. "தர்ஷினி," என்று அஜித்குமார் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. அவள் அப்பாவின் காலடியை மட்டும் பார்த்து நடந்தாள்.

வளைவில் திரும்பியபோது இளவரசனின் குரல் பின்னாலேயே வந்தது. மெதுவாக, நிதானமாக. "நாளைக்குப் போன் பண்றேன்டா ராசு. பேசிக்கலாம்."

அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தடி போட்ட இடத்திலேயே கிடந்தது.

4-10-2025, சனிக்கிழமை

இன்றைய தவறு: ஏழு மணிக்குப் பார்க்க வேண்டிய காலைப் பார்க்கவில்லை. சிரித்தார்கள் என்பதற்காக விட்டுவிட்டேன்.

சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலையில மொத வேலையா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போயிடும்மா" என்றார். அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை மலையிலிருந்து கோவிந்தா சத்தம் கேட்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் வலிக்கவில்லை.

நாளைய வேலை: ஆறரை பஸ்ஸில் அப்பாவைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போவது. பழைய சீட்டு, மாத்திரை, மாற்று வேட்டி எடுத்து வைப்பது. அப்பாவின் போனை என் பையில் வைத்துக்கொள்வது. இளவரசன் கூப்பிட்டால் நானே எடுத்து, முடியாது என்று சொல்வது.