மூச்சுத்துளை

டீசல் டேங்க்கை யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டினார்கள். டொக், டொக். இழுவை வண்டியின் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான் தம்பிக்காரன். அத்தான் வண்டியை எடுக்குமுன் அப்படித்தான் இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"கேட்டுச்சாடா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா.

"சூட்டுக்குத் தகரம் உப்புதுக்கா."

பொய்யில்லை. உச்சி வெயில், மலை ஏற்றம், பின்னால் கொக்கியில் பழுதான ஒரு பஸ். என்ஜின் குடித்ததுபோக மிச்ச டீசல் கொதிக்கக் கொதிக்க டேங்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டேங்க்கில் டீசல் குறைவு; மேலே முழுக்க ஆவி. அது வெளியேறத்தான் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளையைத்தான் அவன் சோப்பு வைத்து அடைத்திருந்தான்.

போன வருஷம் செய்த காரியம். வளைவுகளில் டீசல் கசிந்து வழிய, துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், குளியல் சோப்பைப் பிசைந்து ஒரே அமுக்கு. அத்தானிடம் சொல்ல மறந்துவிட்டான். மறுநாள் இதே ஏற்றத்தில் அத்தான் மூடியைத் திருகினார். பீறிட்ட டீசல் கொதிக்கும் சைலன்சரில் பட்டுப் பற்றிக்கொண்டது.

பீடியைப் பற்றவைத்துக்கொண்டே திறந்தானாம் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். இல்லாத பீடியைக் கண்ணால் பார்த்தவர்களே நாலு பேர். "பீடியை விட்டு ஆறு மாசமாச்சு, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு" என்று அக்கா ஒருத்திதான் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

புதரில் கிடந்த மூடியை எடுத்துவந்து மாட்டியது தம்பிதான். சோப்பை நோண்டியெடுக்க ஓர் ஊசி போதும். கை வரவில்லை, பாவிக்கு. ஓட்ட ஆளில்லாத வண்டி இனி நகராது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். நேற்று அக்கா, "நாமளே ஓட்டுவோம்" என்று சொல்லிவிட்டாள்.

"டீசல் முள்ளு இறங்கிடுச்சு" என்றாள் அக்கா. " ஓரமா நிறுத்து, கேன்ல இருக்கறத ஊத்திடுவோம்."

என்ஜின் அடங்குமுன் அவள் இறங்கிவிட்டாள். அவன் ஓடிவந்தபோது மூடியில் கை வைத்திருந்தாள்.

"சூடு ஆறட்டும்கா."

"மூடியில ஓட்டை இருக்கே, ஆவி அதுல போயிடும்னு அவருதானே சொல்லுவாரு."

அவள் திருகப்போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதுக்கா. ஓட்டையில சோப்பு வெச்சு அடைச்சிருக்கேன்."

"எப்ப?"

"அத்தான் இருக்கறப்ப."

டொக், டொக். அக்கா கையை எடுத்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேரும் எட்டத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்து டேங்க் ஆறியதும், தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"நீயே எடு."

சோப்பு உதிர்ந்ததும் துளையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. அது நிற்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பீடிதான்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன்டா" என்றாள். "ஒரு நாள் கோவத்துல அவரு போட்டோவைத் திருப்பி மாட்டிட்டேன். இன்னும் சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."