அழிக்கப்பட்ட எச்சரிக்கை

சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுர முடியில் ஏறிய இளவெயில், மெல்ல இறங்கிக் குப்பத்துக் கூரைகளையும் மணலில் கவிழ்ந்து கிடந்த படகுகளையும் தடவிச் சென்று, அடையாற்றின் கழிமுகத்தில் உருகிய பொன்னெனப் பரந்து கிடந்த காலை அது. முந்திய திங்களில் புயலோடு கூடி ஆடவர் சிலரை விழுங்கிய கடலோ, ஒன்றும் அறியாததுபோல் கரையை நனைத்துக்கொண்டிருந்தது.

அக்கடலை ஏறிட்டும் பாராமல், மாண்டோருள் ஒருவனான டில்லிபாபுவின் மனைவி புஷ்பம், அச்சாவுகளை விசாரித்துவந்த, அடையாற்றில் இருந்த ஒன்றிய அரசின் அலுவலகத்தை நோக்கி நடந்தாள். எச்சரிக்கையை மீறிப் போய்ச் செத்தவன் என்று தன் கணவன் பெயர் ஏடேறிவிடக் கூடாது என்பது ஒன்றே அவள் நெஞ்சை அரித்த கவலை.

பல இனங்களும் பல மொழிகளும் கூடி அமைந்த அவ்வொன்றியத்தின் அலுவலகம் இரண்டே மொழிகளில் எழுதியது. அவ்விரண்டில் தமிழ் இல்லை. ஆதலின் மொழிபெயர்ப்பதற்கென மயிலாப்பூரிலிருந்து வந்த வைதேகி, அலுவலருக்கும் அவளுக்கும் நடுவே அமர்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் போனுக்கு எச்சரிக்கை வந்துதான்னு கேக்கறார்மா."

"வந்துச்சும்மா. தமிழ்ல இல்ல. தமிழ்ல இல்லாம எது வந்தாலும், கம்பெனிக்காரன் இன்னாத்தியோ விக்கிறான்னு எங்க குப்பத்துல அழிச்சுடுவோம். 'என்கிட்ட போய் காரு விக்கிறான் பாருமே'ன்னு சிரிச்சிக்கினே அழிச்சுட்டு, வலையத் தூக்கினு போனாரு."

வைதேகி அதனை மொழிபெயர்க்க, அலுவலர் ஒற்றை வரி எழுதினார்.

"இன்னாம்மா எழுதிக்கினாரு?"

"எச்சரிக்கை கிடைத்தது, அழிக்கப்பட்டதுன்னு."

"ஏன் அழிச்சாருன்னு எழுதலியா?"

வைதேகி அலுவலரிடம் கேட்டுவிட்டுத் திரும்பித் தலைகுனிந்தார். "எந்த மொழிங்கறது இந்த விசாரணையில வராதாம்மா."

புஷ்பம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்பிடி இன்னாதாம்மா எழுதியிருந்துச்சு? நீயாவது படிச்சி சொல்லு."

மேசைமேல் கிடந்த எச்சரிக்கையின் நகலைப் பார்த்து வைதேகி சொன்னார்: "கடலுக்குப் போக வேண்டாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

புஷ்பம் அச்சொற்களைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வலையைத் தோளேற்றிச் சிரித்தபடி அவன் படியிறங்கிய வைகறையில், அவளே கையைப் பற்றி நிறுத்திச் சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் அவை. அவனும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவந்து படுத்திருப்பான். ஆட்சிமொழி என்பது அரியணைக்கு அழகு சேர்க்கும் அணி எனக் கருதுவோர் கருதுக. கரையில் நின்றவளுக்கு அது, உரிய வேளையில் போகாதே என்று தடுத்திருக்க வேண்டிய ஒரு குரல். அக்குரல், கணவனைக் கடல் கொண்டு ஒரு திங்கள் கழிந்தபின், மூடிய அறையொன்றில், அவள் கேட்டதனால் மட்டுமே வந்து சேர்ந்தது.