கழுவாத திராட்சை

காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உமர் பாருக்கிடம் சொல்ல வேண்டியதைச் சாபிரா மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இனிமேல் பிள்ளையைச் சனி, ஞாயிறு தோட்டத்துக்கு அனுப்ப முடியாது. ஒரே வாக்கியம்தான். வழக்கமாகக் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவன்தான் மகள் அப்ரினைக் கூட்டிக்கொண்டு போவான். இன்றைக்கு அவளே கிளம்பிவிட்டாள். தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் நெஞ்சு இன்னும் லேசாக விசிலடித்தது. போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூச்சு ஒருவழிக்கு வந்திருந்தது.

ஜமாஅத்தில் வைத்துப் பிரித்துவிட்டபோது பேசியது சுலபமான ஏற்பாடு. பிள்ளை தாயிடம், வாரக் கடைசி தகப்பனிடம். மாதாமாதம் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, வைத்தியச் செலவில் ஆளுக்குப் பாதி. மாதத் தொகை எப்படியோ வந்துவிடுகிறது. வைத்தியப் பாதிதான் இந்த வருஷம் வரவேயில்லை. பில்லைப் படமெடுத்து அனுப்பினால் பார்த்துவிடுவான். பதில் மட்டும் வராது. மருந்தடிக்கிற திராட்சைத் தோட்டத்தில் வைத்துப் பிள்ளைக்கு நோயையும் கொடுத்து, செலவென்றால் கையையும் விரிக்கிறவன். கல்லுளிமங்கன். அவளுக்கு நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தலோரத்து வீட்டு வாசலில் அவன் எழுந்து நின்றான். பிரிந்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதிரெதிரே நின்றாலும் பிள்ளைதான் தபால்காரர்.

"அம்மாவ உக்காரச் சொல்லும்மா. டீ போடவான்னு கேளு."

"டீ குடிக்க வரல, ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்னு அத்தாகிட்டச் சொல்லு."

தபால்காரர் அங்கே இல்லை. பந்தலுக்குள் ஓடி ஒரு கொத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். சாபிரா பதறிப்போனாள். திராட்சை விளைகிற ஊரில் பிறந்தவர்கள் யாரும் கொடியிலிருந்து பறித்து அப்படியே தின்ன மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, பிறகும் யோசித்துத்தான் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்.

"ஏய், கழுவாம திங்காத! துப்பு!"

"இங்கன கழுவ வேணாம்மா. நம்ம தோட்டத்துக்கு மருந்தே அடிக்கலன்னு அத்தா சொன்னாக."

அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கொத்துகள் கறுகறுவென்று தொங்கின. இங்கே பந்தல் முழுக்கச் சாம்பலைத் தூவினது மாதிரி வெள்ளை. பாதிப் பழம் வெடித்திருந்தது. தெளிப்பு மெஷினில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"மருந்தடிக்காம விட்டா சாம்பல் நோய் விழும்னு தெரியாதா?" நேராக அவனிடமே கேட்டுவிட்டாள்.

"தெரியும்." அவன் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அடிச்சா நாலஞ்சு நாளைக்கு வாடை நிக்கிது. புள்ள வாரா வாரம் வருதுல்ல. பக்கத்துத் தோட்டக்காரவுகள நான் என்ன சொல்ல முடியும்? ரெண்டு வெள்ளாமை போச்சு. வியாபாரி எட்டிக்கூடப் பாக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா, வெள்ளாமை போகுதேன்னு நீ புள்ளைய அனுப்ப மாட்ட."

சாபிராவுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொண்டுவந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும். நாளைக்கே அவன் மருந்தடிப்பான், கொடி பிழைக்கும், அவளுக்கு வரவேண்டிய பாதியும் வந்துவிடும். பிள்ளையின் நெஞ்சுக்கும் அதுதான் நல்லது. சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்க மட்டும் அவனுக்கு வேலை இருக்காது.

"என்னமோ சொல்லணும்னியே," என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்ரின் ஓடிவந்து, ஒரு பழத்தைப் பாவாடையில் வைத்துச் சாம்பல் போகத் தேய்தேய் என்று தேய்த்து, கறுப்பாக்கி, எக்கி அவள் வாயில் வைத்தாள்.