கேட்காமல் கட்டிய பூ

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். ஆனால் வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது. பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது என் நினைப்பு. வாய்ப்புண்காரன் பேசும்போதே உதட்டைக் கோணுவான். மல்லிகை இலையில் ஒரு பிடி கிள்ளிக் கொடுத்து, மென்று துப்பச் சொல்லிவிடுவேன். தலைவலிக்காரி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவாள். அவளுக்குப் பூப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய். "எங்க டாக்டரம்மாகிட்ட நாக்கை நீட்ட வேணாம், நாடியும் காட்ட வேணாம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அதைக் கிண்டல் என்று நான் எடுத்துக்கொண்டதே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு அறுபது மல்லிகைச் செடிகள். விடிவதற்குள் மொட்டாகப் பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் சந்தையில் சீந்த மாட்டார்கள். இலைக்கடியில் ஒளிந்து, கைக்குத் தப்பி, விரிந்துபோன பூக்கள் எனக்கு. கிழக்கு ஓரத்துப் பத்துச் செடிகளுக்கு மட்டும் பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. புழு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். வைத்தியத்துக்கு அந்தச் செடிப் பூதான்.

தையல்காரப் பெண் வந்தது ஒரு காலையில், பறிப்பு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்த நேரம். அடுத்த தெருவில் ஒற்றை அறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். புருஷன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பத்து நாளுக்கு முன்பு வரை வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெஷினை மிதித்தவள். எட்டாம் மாதமே வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள் என்று மளிகைக் கடையில் பேசிக்கொண்டார்கள். "பாவம்" என்றார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசலில் நின்றவளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நெஞ்செல்லாம் கல்லு மாதிரி கட்டிக்கிச்சுக்கா. தொட முடியல. நீங்க பூ வச்சுக் கட்டுவீங்கன்னு சொன்னாங்க."

எனக்கு அது போதும். குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கா தெரியாது? இரண்டு கை நிறையப் பூவை அள்ளி நெருக்கமாகப் பரப்பி, மேலே பழைய பருத்தித் துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். வாட வாட மாற்ற வேண்டும், காலையும் மாலையும் நானே வருகிறேன் என்றேன். மூன்றே நாளில் பால் வற்றிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் அவளை அறுக்குமே என்று, "மூணு நாள்ல வலி இருந்த இடம் தெரியாதும்மா" என்று மாற்றிச் சொன்னேன். புண்பட்ட மனசைக் கிளறாமல் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் போனேன். அவள் அறையில் தொட்டில் இல்லை, கொடியில் குழந்தைத் துணி இல்லை. மெஷின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னச் சட்டை பாதி தைத்துக் கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டை அவிழ்க்கும்போது பார்த்தால், முடிச்சு நான் போட்ட முடிச்சாக இல்லை. நடுவில் அவளே அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வருவாள். அழுதுவிடப் போகிறாளே என்று பயந்து நானே பேச்சை மழைக்கும் மின்வெட்டுக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவேன். வலி குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் காலை பூவை இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால், அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பை. கையில் மூடிபோட்ட சின்னப் பாட்டில். அதன் அடியில் ஒரு விரல் உயரம்கூட இல்லாமல் கொஞ்சம் பால்.

"நல்லவேளை வந்தீங்கக்கா. பாப்பாவுக்குக் கொண்டு போறேன். இன்னும் கண்ணாடிப் பெட்டியிலதான் வச்சிருக்காங்க. என் பால்தான் ஒத்துக்குதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. ஆனா முந்தாநாள்லேருந்து வரவர குறைஞ்சுக்கிட்டே போகுது. பூவை இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுக் கட்டினா நல்லா ஊறுமாக்கா?"

குழந்தை உயிரோடு இருக்கிறது. அதற்கு இருக்கிற ஒரே ஆகாரத்தை மூன்று நாளாக நான் என் கையாலேயே கட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த நீள வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இன்னைக்குப் பூ இல்லம்மா. கட்டை அவுத்துடு, போதும்."

பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மல்லிகையை யாரால் ஒளிக்க முடியும்? சந்து முழுக்க மணந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டுக்காரர் செடிக்குக் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "நீ இங்க உக்காந்து அழற நேரமெல்லாம் அந்தப் பொண்ணுக்கு வத்திக்கிட்டுதான் இருக்கும். போய்ச் சொல்லு" என்றார். சொன்னால் இனி யார் என்னைத் தேடி வருவார்கள் என்று அப்போதும் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி நடையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸும் கேட்கும்படி சொன்னேன். பால் ஊற அல்ல, வற்றத்தான் அந்தக் கட்டு என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளிடம் திரும்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் எடுக்க வேண்டும், ராத்திரியிலும் விடக்கூடாது, மூன்று நாள்தானே, திரும்ப ஊறலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள்.

தையல்காரப் பெண் என்னை அறைவாள் என்று நினைத்தேன். கன்னம் தயாராகத்தான் இருந்தது.

"பாப்பா செத்துப்போச்சுன்னு நினைச்சீங்களாக்கா?"

தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

நான் பேச ஆரம்பித்தேன். கடையில் பேசிக்கொண்டது, அவள் வெறுங்கையோடு நின்றது, மனசைக் கிளற வேண்டாம் என்று நான் பட்ட பாடு, என் நல்ல எண்ணம், என் கைராசி, இத்தனை வருஷத்தில் ஒரு தவறும் நடக்காதது. மூச்சு விடாமல் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் நர்ஸ் உள்ளே கூப்பிட, காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சொல்லித் தொலைத்துவிட்டோம் என்று பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். நல்லபடியாக ஊறட்டும் என்றவர், சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே கேட்டார்.

"குழந்தை பொண்ணா, பையனா?"

வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் அவள் வாசலுக்குப் போனவள், ஆஸ்பத்திரி வரைக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவள், இதைக் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிற அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் என்னைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.