சார்ஜா மணி

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: கூடத்தில் அல்லா பிச்சை, கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் டிஷ் மாட்டும் முருகையன், உள் அறையில் சாத்திய கதவுக்குப் பின்னால் சஃபியா. அவள் கணவர் மீரா உசேன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தா முடியும்வரை அவள் வேற்று ஆண்கள் முன்னால் வரக்கூடாது. கணவரின் அண்ணன்தான் என்றாலும் அல்லா பிச்சையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

இறப்பதற்குச் சில வாரம் முன்பு டி.வி.க்காரர்கள் மீரா உசேனை வயலில் வைத்துப் படம் பிடித்துப் போயிருந்தார்கள். "உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன். பாத்துட்டுத் திட்டாத," என்று சஃபியாவிடம் சொன்னார் அவர். என்னவென்று கேட்டதற்குச் சிரித்தார். இன்று ஐந்தரைக்கு அது வருகிறது. ஒரே தடவைதான். நெட்டிலும் போடமாட்டார்களாம்.

"மௌத்தான வீட்டுல டி.வி. ஓடக்கூடாது," என்றுவிட்டார் அல்லா பிச்சை.

"ஓட வேணாம் மச்சான். பதிஞ்சு மட்டும் வைக்கட்டும். இத்தா கழிச்சுப் பாத்துக்குறேன்," என்றாள் சஃபியா. அவர்தான் முருகையனை வரச்சொன்னார்.

மாடியில் சந்தா கட்ட வேண்டாத டிஷ் இருந்தது. அதன் செட்டாப் பெட்டி இடியில் கருகிவிட்டதால், முருகையன் கம்ப்யூட்டருக்குள் டி.வி. பிடிக்கும் டியூனர் கார்டு ஒன்றைச் செருகி, டிஷ்ஷின் வயரை நேராக அதில் கொடுத்தான்.

"பாய், அஞ்சரைக்குத் தானா ஆரம்பிக்கும், தானா நிக்கும். நீங்க தொடவே வேணாம்."

"தொட்டா ஷாக் அடிக்குமா?"

"உங்களைத் தொட்டா அதுக்குத்தான் அடிக்கும்."

திரையை அணைத்துவிட்டு முருகையன் போனான். அல்லா பிச்சை காவலுக்கு உட்கார்ந்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில், குத்தாலத்து ஜனம் பாதி கூடியிருக்க, அவர்தான் சொன்னார்: "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு சார்ஜா வேலையை விட்டுட்டு வந்தான். கடைமடைக் குத்தகை அவனைத் தின்னுருச்சு." சஃபியா இதே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அது பொய். பொய்யென்று சொல்லவேண்டியவர் கப்ருஸ்தானில் கிடந்தார்.

அறைக் கடிகாரத்தில் ஐந்தரை தாண்டியது. பதிய ஆரம்பித்தால் ஏறவேண்டிய கம்ப்யூட்டர் இரைச்சல் கூடத்தில் ஏறவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீரா உசேன் முதல் லீவில் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அது. அங்கே என்ன மணி என்று பார்த்துக் கூப்பிடுவதற்காக அதன் கடிகாரத்தை அவள் மாற்றவே விட்டதில்லை. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு யாருக்கும் அந்த நினைப்பு இல்லை.

"மச்சான், அதுல ஓடுறது சார்ஜா மணி. நமக்கு ஒன்றரை மணி பின்னாடி. ஏழுக்குத்தான் ஆரம்பிக்கும்."

"முருகையனைக் கூப்புடவா?"

"அவர் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும். நீங்க போடுங்க. திரையப் போடணும்."

"போட்டா படம் வருமே."

"வரும்."

சஃபியா அறைத் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். அவர் எழாவிட்டால் திறப்பது என்று முடிவுசெய்திருந்தாள். கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

"எதை அமுக்க?"

"கீழ சிவப்பு வட்டம்."

மீரா உசேனின் குரல் கூடத்தில் பாதியிலிருந்து வந்தது.

"...வீட்ல வேணாம்னுதாங்க சொன்னாங்க. கடைமடைக்குத் தண்ணி வராது, சார்ஜாவுலயே இருங்கன்னாங்க. நான்தான் கேக்கல." யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் சிரித்தார். "எங்க அண்ணன்கிட்ட மட்டும், அவதான் வரச் சொன்னான்னு சொல்லிவச்சிருக்கேன். இல்லேன்னா மனுசன் அடிக்க வந்துருவாரு."

பிறகு விதை நேர்த்தி பற்றிப் பேசினார். பிறகு வேறொரு விவசாயி வந்தார். உரத்துக்கு விளம்பரம் வந்தது. அல்லா பிச்சை எதையும் அணைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு அவர் குரல் கேட்டது.

"பதிஞ்சுச்சா?"

"சிவப்பு எரியுதா மச்சான்?"

"எரியுது."

"அப்ப பதிஞ்சிருக்கும்."

திரை அணைந்தது. "மக்ரிப் தொழுகைக்கு நேரமாச்சு," என்றார். வேறு ஏதும் சொல்வார் என்று சஃபியா நின்றாள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

அவள் அறையை விட்டுக் கூடத்துக்கு வந்து, அவர் போன வாசல் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றினாள்.