பொத்தானா விளக்கா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மனைவியின் தங்கை சொன்னது. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்த்துச் சம்பாதிப்பவள். முதலில் நான் எழுதிய வரி: 'மொழிபெயர்ப்பாளர் என்பவர் இரு பண்பாடுகளுக்கு இடையே…' (அடித்துவிட்டேன். விருது ஏற்புரை வாடை வீசியது.)

2

அவள் கணினியில் கட்டம் கட்டமாகச் சொற்கள். வாக்கியம் இல்லை, படம் இல்லை. இரும்புத் தகடு அழுத்தும் இயந்திரம் ஒன்றின் திரைக்குப் போகவேண்டியவை. கடைசிக் கட்டத்தில் 'க்ளியர்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்.

அது பொத்தானாக இருந்தால் 'எச்சரிக்கையை அழி'. விளக்காக இருந்தால் 'உள்ளே தடை எதுவுமில்லை'. ஸ்பானிஷில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். மாற்றிப் போட்டால், யாரோ ஒருவர் அதை நம்பிக் கையை உள்ளே விடுவார்.

வாடிக்கையாளரிடம் கேட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் கேட்கும் வழக்கம் கிடையாது. 'ஐயமற்ற மொழியாக்கம்' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார் மேலாளர்.

"சார், இது பொத்தானா விளக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"கேட்டா நமக்குத் தெரியலைன்னு ஆயிடும்மா."

"தெரியலதானே சார்."

"அது நமக்குள்ள இருக்கட்டும்."

3

(மேலாளருக்கு முரட்டு மீசை வைத்திருந்தேன். கொழுந்தியாள் ஒப்பவில்லை. "மீசையெல்லாம் கிடையாது மாமா. நல்ல மனுஷன். பொண்ணுக்குக் காய்ச்சல்னா கேக்காமலே லீவு குடுப்பாரு." மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் போய்விட்டான், பயம் போகவில்லை.)

அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கோப்பு போகாது.

"ஏதாவது ஒண்ணைப் போடும்மா. நிரம்பியிருந்தா போதும்."

அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. (இதை ஒரு பேட்டியில் 'மொழி நடுவுநிலைமை' என்று வர்ணித்திருக்கிறார்.)

அவள் எதையோ அடித்தாள். அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டி, தானே அனுப்பினார்.

"பாத்தியா, எவ்வளவு சுலபம்."

அவள் ஸ்பானிஷில் அடித்தது: 'எங்களுக்குத் தெரியாது.'

4

முடிவு அ: வாடிக்கையாளர் தரப்பில் யாரோ படித்துவிட்டு ஃபோன் செய்கிறார்கள். கை பிழைக்கிறது. அவள் வேலை… (நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.)

முடிவு ஆ: அங்கேயும் ஒரு நல்ல மனுஷன். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்.

"ஃபோன் வந்துச்சா?" என்று தினமும் கேட்கிறேன்.

"இல்ல மாமா. வரணும்னு வேண்டிக்கறதா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கறதா?"

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளே தகடு கோணலாகச் சிக்கியிருக்கிறது. திரையில் அவள் அடித்த அந்த வரி எரிகிறது. இயந்திரத்தின் முன்னால் நிற்பது நீங்கள்.